சமையல் காசு தராத புருஷன்

கானாவின் குமாசி நகரத்தில் ஓர் ஆண்பிள்ளை கெட்டுப்போகக் குடியோ சூதோ வேண்டியதில்லை. மத்தியானச் சாப்பாட்டுக் கடை ஒன்று போதும். என் தங்கை பிராகோவின் கணவன் ஒடூரோ கல்யாணத்துக்கு முன்பு அப்படித்தான் கெட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குச் சுவாமேப் பட்டறைகளில் லாரி கியர்பெட்டியைப் பிரித்து மாட்டுகிற வேலை. கையில் ஒட்டிய எண்ணெய் காய்வதற்குள் கடைப் பெஞ்சில் போய் உட்காருவான். கிழங்கை இடித்துப் பிசைந்த ஃபூஃபூ உருண்டை மூழ்குமளவு குழம்பு, குழம்புக்கு மேலே மலைபோல ஆட்டிறைச்சி. பக்கத்தில் எவன் உட்கார்ந்தாலும் அவனுக்கும் அதே. கடைக்காரி அவனை 'பெரியவரே' என்று கூப்பிடுவாள். அந்த ஒரு வார்த்தைக்காகத் தன் வாலிபம் முழுவதையும் தின்று தீர்த்தான். முப்பது வயது தாண்டி என் தங்கையைக் கட்டியபோது அவனிடம் இருந்தது ஒரு வாடகை அறை, ஒரு நல்ல சட்டை, நிறைய ஏப்பம்.

பிராகோ அவனிடம் சண்டை போடவில்லை. கடைச் சாப்பாடு உடம்புக்கு ஆகாது என்று பாடமும் எடுக்கவில்லை. காலையில் அவன் தருகிற சமையல் காசை வாங்கிக்கொண்டாள். பட்டறை வாசலுக்கே தூக்குப் பாத்திரத்தை அனுப்பினாள். பாத்திரத்தை அவன் திறந்ததும் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் மூக்கை நீட்டினார்கள். ஒரு மாதம் கழித்துப் 'பெரியவர்' எங்கே என்று கடைக்காரி ஆள் அனுப்பி விசாரித்தாளாம்.

என் தங்கை என்பதற்காகச் சொல்லவில்லை. சிக்கனம் என்ற பெயரில் தண்ணீர்க் குழம்பு வைக்கிற பெண்களை எனக்குத் தெரியும். தையல் கடையில் என்னிடம் துணி கொடுக்க வருகிறவர்களில் பாதிப்பேர் அப்படித்தான். பிராகோ அந்த ரகமில்லை. செம்பனைப் பழம் வேகிற பானையின் வாய்க்கு மூடி போடாமல் இன்னொரு சட்டியை வைத்து, அந்த ஆவியிலேயே வாழைக்காயை அவித்துவிடுவாள். பானை கொதித்ததும் அடுப்பின் காற்று வாயைத் தகரத்துண்டால் அடைப்பாள். கரி மெதுவாகக் கனன்று மறுவேளைக்கும் மிச்சமிருக்கும். அதே முற்றத்தில் குடியிருந்த மற்றவர்கள் ஒரு மூட்டைக் கரியை எரிக்கிற நாளில் இவள் அரை மூட்டை எரித்தாள். அவர்கள் இவளைக் கஞ்சப்பானை என்றார்கள். சொன்னவர்களில் ஒருத்தி தினமும் வெள்ளை டப்பாவில் வறுத்த சோறு வாங்கித் தின்பவள். மாதக் கடைசியில் உப்புக் கேட்டு வந்து நிற்பவளும் அவளேதான்.

இந்த நிலையில்தான் மாமியார் வந்து சேர்ந்தாள். பெயர் தீவா. பெக்வாயிலிருந்து கண் வைத்தியத்துக்கென்று வந்தாள். கண் சரியானதும் போகவில்லை. சரியான கண்ணை வைத்துக்கொண்டு மருமகள் சமையலைப் பார்க்க ஆரம்பித்தாள்.

"பிராகோ, இந்தக் குழம்புல எத்தன வெங்காயம் போட்ட?"

"ரெண்டும்மா."

"எதுக்கு ரெண்டு? ஒண்ணுக்கொண்ணு பேச்சுத்துணைக்கா?"

மாமியாரின் சித்தாந்தம் மீனில் உச்சத்தை அடைந்தது. புகைபோட்ட மீன் குழம்புக்குள் குளித்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். அங்கேயே குடித்தனம் நடத்தக் கூடாது. இன்று எடுத்து வைத்த மீன் நாளைக்கும் ஒரு முறை குளிக்கும். மூன்றாம் நாள்தான் யாராவது அதைத் தின்னலாம்.

"மீன் வாசன மகனுக்கு, மீன் பக்கத்து வீட்டுப் பூனைக்கா?" என்று கேட்டாள் பிராகோ.

"பூனைக்கு எதுக்கு? முள்ள எனக்குக் குடு. எனக்குப் பல்லு இருக்கு."

இருவரும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சமைப்பது என்று ஏற்பாடானது. அதற்கப்புறம் அது சமையலாக இல்லை, போட்டியாகிவிட்டது. யார் குறைந்த காசில் வயிறு நிறைய வைப்பது என்ற போட்டி. பிராகோ விடியற்காலையில் கிராமத்து லாரிகள் வந்து நிற்கிற இடத்துக்கே போய், மூட்டை அவிழ்க்கும்போதே வெள்ளைக் கத்தரிக்காயைப் பேசி வாங்குவாள். தீவா பொழுது சாய்ந்தபின், கடைக்காரிகள் கூடையைத் தலையில் ஏற்றுகிற நேரமாகப் பார்த்துப் போய், சுமந்து போக மனமில்லாதவற்றை அள்ளி வருவாள். காலைக் காய் புதுசு என்பாள் ஒருத்தி. கத்தரிக்காயிடம் எந்த நேரம் வாங்கினாய் என்று வயிறு கேட்காது என்பாள் மற்றவள். ஒருத்தி வாங்கி வந்ததை மற்றவள் பாராட்டி நான் கேட்டதேயில்லை. ஆனால் ஒருத்தி சமைத்ததை மற்றவள் வழித்துத் தின்பதைப் பார்த்திருக்கிறேன்.

மிச்சம் பிடித்த காசு கூரைத் தகடாக வந்தது. ஊருக்கு வெளியே ஒரு துண்டு மனை வாங்கி, சுவரை ஜன்னல் உயரம் தாண்டி எழுப்பியிருந்தார்கள். கூரை மட்டும் பாக்கி. கையில் காசு சேரும்போதெல்லாம் பிராகோ ஒன்றிரண்டு தகடு வாங்கி வாடகை அறையில் தீவாவின் கட்டிலுக்குப் பின்னால் சாய்த்து வைப்பாள். தீவா அதன்மேல் தன் சேலைத்துணியை உலர்த்துவாள். தகடு எல்லாம் சேர்ந்துவிட்டது, ஆணியும் மரமும் வாங்கி மழைக்கு முன் ஏற்றிவிடலாம் என்கிற கட்டத்தில், வறண்ட காற்று வீசுகிற மாதத்தில், தீவா ஒரு காலை எழுந்திருக்கவில்லை.

அன்று பிராகோவின் சமையல் முறை. அடுப்பு மூட்டாமல் முற்றத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் போனபோது, "அக்கா, நாளைக்கு யார் சந்தைக்குப் போறது?" என்று கேட்டாள்.

மறுநாள் ஒடூரோவின் அக்கா கொனாடு தலைநகர் அக்ராவிலிருந்து வந்து இறங்கினாள். தாய் உயிரோடிருந்த காலத்தில் ஒரு வெங்காயம் வாங்கி அனுப்பாதவள். தாய் செத்ததும் கறுப்புத் துணியைப் புதிதாகத் தைத்துக்கொண்டு வந்தாள். நான் தையல்காரி, எனக்குத் தெரியும்: அந்த ரவிக்கைக் கையில் மட்டும் பிராகோவின் ஒரு வாரச் சமையல் இருந்தது. அறைக்குள் நுழைந்து கட்டிலில் விழுந்து அழுதாள். அழுகைக்கு நடுவே நிமிர்ந்தவளின் கண் தகடுகளில் பட்டது. அழுகை நின்றது.

எங்களில் உடலைக் குளிரறையில் வைத்திருந்து, வாரக்கணக்கில் கழித்தே அடக்கம் செய்வார்கள். செத்து ஒரு வாரம் முடிகிற அன்று, குடும்பத் தலைவர் நானா அசியாமா முன்னால் தீவாவின் குடும்பம் முற்றத்தில் கூடியது. சவ அடக்கச் சடங்கில் வருகிறவர்களுக்குச் சாப்பாடு போடுவது பிள்ளைகளின் பங்கு என்றானது. நான் அந்தக் குடும்பமில்லை. பிராகோவும் இல்லை. எங்களில் பெண் தன் தாய்வீட்டுக் குடும்பத்தையே சேர்ந்தவள். ஆகவே இரண்டு பேரும் ஓரமாக அடுப்படியில் நின்று தண்ணீர் மொண்டுகொண்டிருந்தோம்.

கொனாடு எழுந்தாள். அக்ராவில் ஒரு சமையல் ஒப்பந்தக்காரி இருக்கிறாளாம். வெள்ளை விரிப்பு, வெள்ளைக் கையுறை. வறுத்த சோறும் கோழிக்காலும் அடைத்த டப்பா. ஒவ்வொரு டப்பா மூடியிலும் அம்மாவின் படம் ஒட்டியிருக்கும்.

அந்தப் படங்கள் மாலைக்குள் எந்தச் சாக்கடையில் மல்லாந்து கிடக்கும் என்பதை அவள் சொல்லவில்லை.

"காசு?" என்றார் நானா.

"அதான் உள்ள நிக்குதே நானா, தகடு. தம்பி வித்துடட்டும். வீடு எங்கியும் ஓடிடாது. அம்மாவுக்கு ஒரு தடவதான் செய்ய முடியும்."

நானா ஒடூரோவைப் பார்த்தார். ஒடூரோ தன் செருப்பைப் பார்த்தான். பட்டறையில் எவனுடைய லாரியையும் ஒரே அதட்டலில் நிறுத்துகிறவன், அக்காவுக்கு முன்னால் பள்ளிக்கூடத்துப் பையன். "நான் என்ன சொல்றது நானா, எல்லாரும் சேந்து என்ன சொல்றீங்களோ" என்று முனகினான். இத்தனை வருஷம் ஆவியிலும் தணலிலும் சேர்த்த கூரை, அவன் நாக்கு நுனியிலிருந்து வழிந்து போய்க்கொண்டிருந்தது.

அப்போது பிராகோ அடுப்படியிலிருந்து சொன்னாள்: "நானா, மன்னிக்கணும். சாப்பாடு நான் ஆக்கிடறேன். இங்கியே. தகட்ட விக்க வேணாம்."

கொனாடு திரும்பிப் பார்த்தாள். சிரித்தாள்.

"கேட்டீங்களா நானா? எங்கம்மாவ மீன் முள்ளு தின்ன வச்சவ, இப்ப ஊருக்கே முள்ளு போடப் போறாளாம். ஏ என் பொண்டாட்டி, உன்ன யாரும் கேக்கல. போ, பெரியவங்களுக்குத் தண்ணி கொண்டா."

தம்பி மனைவியைப் பொண்டாட்டி என்று கூப்பிடுவது எங்களில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். கட்டி வந்தவள் கணவனுக்கு மட்டுமல்ல, அவன் உடன்பிறந்தாளுக்கும் பொண்டாட்டி. நாத்தனாரும் ஒரு புருஷன். பெரும்பாலும் கிண்டலுக்கு, சில சமயம் அதட்டலுக்கு. கொனாடு இதுவரை அதட்டலுக்கு மட்டுமே பயன்படுத்தியிருக்கிறாள்.

பிராகோ தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு போனாள். நானாவுக்குக் கொடுத்தாள். வரிசையாக எல்லாருக்கும் கொடுத்தாள். கடைசியில் கொனாடு முன்னால் முழங்காலை மடக்கிச் செம்பை இரண்டு கையாலும் நீட்டினாள். அவள் அதை வாங்கியதும் ஒரு கையைத் திரும்பவும் நீட்டினாள். காலி உள்ளங்கை.

"என்னது?" என்றாள் கொனாடு.

"சமையல் காசு, புருஷரே."

முற்றத்தில் யாரோ இருமினார்கள்.

"நீங்க என்னப் பொண்டாட்டின்னு கூப்பிட ஆரம்பிச்சு வருஷக்கணக்காச்சு. தண்ணி கேட்டீங்க, தந்தேன். துணி தொவைக்கச் சொன்னீங்க, தொவச்சேன். சமையல் காசு மட்டும் ஒரு நாளும் தரல. நானும் பொறுத்துட்டேன், பட்டணத்துப் புருஷன், மொத்தமா அனுப்புவாருன்னு. இன்னிக்கு விருந்து போடணுங்கறீங்க. காசக் குடுங்க. கோழிக்காலு என்ன, கோழி மொத்தமும் வறுக்கறேன். மூடியில உங்க படத்தையும் சேத்து ஒட்டறேன்."

முதலில் சிரித்தது ஒரு கிழவர். அப்புறம் பெண்கள் பக்கம் தொற்றிக்கொண்டது. ஒருத்தி, "குடு கொனாடு, பொண்டாட்டி பட்டினி கெடக்குறா" என்றாள். இன்னொருத்தி, "இப்படிப்பட்ட புருஷன நான்னா எப்பவோ தொரத்தியிருப்பேன்" என்றாள்.

கொனாடுவின் முகம் சாம்பல் பூத்தது. "அது சும்மா கூப்பிடற பேச்சு நானா. அதப் போய்…"

நானா அசியாமா அவசரப்படுகிறவர் இல்லை. தண்ணீரைக் குடித்து முடித்து, கடைசி மடக்கை முன்னோருக்கென்று தரையில் ஊற்றிவிட்டுத்தான் பேசினார்.

"சும்மாவா? அப்ப தண்ணி கொண்டான்னு சொன்னதும் சும்மாதான். அவ உனக்குப் பொண்டாட்டி இல்ல, உன் பேச்ச அவ கேக்கவும் வேணாம். பேச்சு சும்மா இல்லேன்னா நீ புருஷன். புருஷன் சமையல் காசு குடுத்தாத்தான் பானையில என்ன வேகணும்னு சொல்லலாம். ரெண்டுல எதுன்னு நீயே சொல்லு, தாயி."

கொனாடு கைப்பையைத் திறந்தாள். உள்ளே எதையோ தேடுவது போலத் தேடினாள். கைபேசியை எடுத்து, கணவர் ஏதோ சரக்கு விஷயமாக அலைகிறார், நாளை அனுப்பிவிடுவார் என்றாள். இன்னொரு முறை சிரிப்பு எழுந்தது.

"அப்ப நாளைக்கு வரைக்கும் அடுப்பு இந்தப் பொண்ணோடது" என்றார் நானா. நாளை வந்தது. மறுநாளும் வந்தது. அக்ராவிலிருந்து எதுவும் வரவில்லை. தகடுகள் அறையில் நின்றபடியே நின்றன.

அடக்கத்தன்று பிராகோவுடன் நானும் எங்கள் ஊர்ப் பெண்கள் சிலரும் விடிவதற்கு முன்பே பானைகளை ஏற்றினோம். பெருவள்ளிக்கிழங்கு, சேம்பிலைக் கீரை, செம்பனைக் குழம்பு. ஒரு பானைச் சோறு அடிபிடித்தது. அதை மறைக்க மாட்டேன், கிளறிக்கொண்டிருந்தவள் ஒலிபெருக்கியில் யார் எவ்வளவு மொய் போட்டார் என்று கேட்பதில் மூழ்கிவிட்டாள். மீன் துண்டுகள் சிறியவை. கொனாடுவின் அக்ராத் தோழிகள் டப்பா எங்கே என்று கேட்டார்கள். இல்லை என்றதும் உதட்டைச் சுழித்துக்கொண்டு போய்க் காரில் உட்கார்ந்தார்கள். வயிற்றுக்குத் தெரியாத கௌரவம். கொஞ்ச நேரத்தில் அவர்களில் இருவர் கார்க் கதவைச் சத்தமில்லாமல் மூடிவிட்டு வந்து தட்டு நீட்டியதை நான் பார்த்தேன். நான்தான் பரிமாறினேன். அடிபிடித்த பானையிலிருந்து.

ஒடூரோவின் குடும்பத்தில் பாதிப்பேர் இன்றும் பிராகோவிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பெரியவர்கள் சபையில் கை நீட்டியவள் என்கிறார்கள். பேசாதவர்கள் வீட்டுக்கு வந்து தின்னவும் மாட்டார்கள். அதுவும் மிச்சம்தான்.

முதல் மழைக்கு முன்பே கூரை ஏறிவிட்டது. ஒடூரோ பட்டறை நண்பர்களைக் கூட்டிவந்து, தான் எப்படி வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இந்த வீட்டை எழுப்பினேன் என்று விளக்கினான். நான் வாயைத் திறக்கப் போனேன். பிராகோ என் இடுப்பில் இடித்தாள்.

மழை வந்த அன்று நான் அங்கே இருந்தேன். தகட்டின் மேல் விழுந்த சத்தத்தில் அடுத்தவர் பேசுவது கேட்கவில்லை. பிராகோ மேலே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தகடு ரொம்ப மெல்லிசு போலிருக்கேடி" என்று கத்தினேன்.

"மெல்லிசுதான்க்கா. வெல கம்மி."

"உன் மாமியா இருந்திருந்தா திட்டித் தீத்திருப்பா."

"திட்டியிருப்பாங்க" என்றாள் பிராகோ. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஒழுகல் எங்கும் இல்லை. "இவ்ளோ தடிமனு எதுக்குன்னு."