மட்டி பொறுக்கிய மத்தியானம்

பெவர்லி ஸ்டப்ஸின் பயங்களை வரிசையில் நிறுத்த முடியாது. ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் வரும். கேஸ் அடுப்பு, நெடுஞ்சாலையில் பின்னால் வரும் லாரி, மகள் ஹோலி திராட்சையை முழுசாக விழுங்குவது, காலுறையோடு மாடிப்படி இறங்குவது. டொன்காஸ்டரில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். அங்கே வருகிறவர்கள் எல்லாரும் அவளைவிடப் பயந்தவர்கள். அதனால் அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது.

கணவன் நெவிலுக்குப் பயமே கிடையாது. இப்படிப்பட்ட இருவர் கல்யாணம் செய்துகொண்டால் ஒருவர் இன்னொருவரைச் சமன் செய்வார் என்று வெளியிலிருப்பவர்கள் நினைப்பார்கள். நடப்பது வேறு. ஒருவர் இரண்டு பேருக்குமாகச் சேர்த்துப் பயப்படுவார். இன்னொருவர் இரண்டு பேருக்குமாகச் சேர்த்து நிம்மதியாக இருப்பார்.

ஒருமுறை அடுத்த வீட்டுத் தோட்டத்திலிருந்து புகை வருவதைப் பார்த்து பெவர்லி தீயணைப்பு வண்டியை வரவழைத்துவிட்டாள். வந்தவர்கள் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தபோது, அடுத்த வீட்டுக்காரர் இறைச்சி சுடும் கரியடுப்பருகே இடுக்கியில் ஒரு சாசேஜுடன் நின்றிருந்தார். யாரும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. எல்லாரும் அவளிடம் மிகவும் அன்பாக நடந்துகொண்டார்கள். அந்த அன்பு அவள் மனதில் தழும்பாகத் தங்கிவிட்டது. அன்றிலிருந்து தன் பயத்தைத் தானே நம்புவதில்லை என்று முடிவெடுத்தாள். பயப்படுவதை நிறுத்த முடியவில்லை. அதன் பேச்சைக் கேட்பதை மட்டும் நிறுத்திக்கொண்டாள்.

நெவில் வேலை பார்த்த கிடங்கில் வேலைநாட்களைக் குறைத்தபோது குடும்பத்தைக் காப்பாற்றியது அவளுடைய பயம்தான். ஆறு மாதம் முன்பே பயந்து தயாராகியிருந்தாள். அவளுடைய அம்மா வீட்டில் செய்த, அவள் சின்ன வயதில் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிய பண்டமெல்லாம் திரும்பி வந்தது. ஈரலும் வெங்காயமும். மாட்டு இதயத்துக்குள் ரொட்டித்தூளும் மூலிகையும் அடைத்து அடுப்பில் வேகவைத்தது. மஞ்சள் பட்டாணியைத் துணியில் கட்டி வேகவைத்த களி. வறுத்த இறைச்சியிலிருந்து வடிந்த கொழுப்பை ஆறவைத்து ரொட்டியில் தடவி, மேலே உப்பு. கசாப்புக் கடைக்காரர் அவளைக் கண்டதும், "இதெல்லாம் நாய்க்கா, வீட்டுக்கா?" என்று கேட்டார். "நாய் கிடையாது, புருஷன் இருக்கான்," என்றாள். அவள் பயப்படாமல் பேசிய ஒரே இடம் அந்தக் கடை.

வேடிக்கை என்னவென்றால், நெவிலுக்கும் ஹோலிக்கும் அவை பிடித்துப்போயின. வழக்கமாக விடுமுறைக்குப் போகும் ஸ்பெயினுக்குப் பதிலாக எங்கள் ஆண்டர்தார்ப் கரைக்கு வந்து, ஒழுகாத ஒரு கேரவனில் ஒரு வாரம் தங்கியதும் பிடித்துப்போனது. முதல் மூன்று நாளும் தூறல். மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு மணல்கோட்டை கட்டினார்கள். மீன் பேஸ்ட் தடவிய ரொட்டியில் பாதி மணல். "ஸ்பெயினைவிட இதுதான் நல்லாருக்கு. அங்க அப்பா தூங்கிட்டே இருப்பாரு," என்றாள் ஹோலி. அவளுக்கு ஒன்பது வயது.

மட்டி பொறுக்கும் யோசனை பெவர்லியுடையது. அதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பிறகு அவளால் அதை மறக்க முடியவில்லை. நான்காம் நாள் வெயில் வந்தது. வற்றத்தில் கடல் வெகுதூரம் பின்வாங்கியிருந்தது. சின்ன வயதில் மாமா ஒருவர் மணலைக் கிளறி மட்டிச் சிப்பிகளை எடுத்து, அவித்து, வினிகரும் மிளகும் தூவித் தந்தது அவளுக்கு நினைவு வந்தது. "காசு கொடுத்து வாங்கணுமா என்ன? அந்த மணல்திட்டுல சும்மா கிடக்கும்," என்றாள். அவிப்பதற்கென்று கேரவனிலிருந்து பெரிய பாத்திரத்தையும் எடுத்து வந்திருந்தாள்.

நெவில் கைபேசியை அவளிடம் கொடுத்தான். "உப்புத்தண்ணி பட்டா போயிடும். நீயே வச்சுக்கோ."

"ஏற்றம் எப்போன்னு பார்த்தியா?"

"பார்த்தாச்சு. சாயங்காலம்தான். நீ டீ போட்டு வை."

அவன் பொய் சொல்லவில்லை. கரைக்கு ஏற்றம் சாயங்காலம்தான். ஆனால் எங்கள் கடல் நேராக முன்னால் வருகிற கடல் அல்ல. கரைக்கும் மணல்திட்டுக்கும் நடுவே ஓர் ஓடை இருக்கிறது. வற்றத்தில் கணுக்கால் நனையாமல் தாண்டலாம். தண்ணீர் ஏறத் தொடங்கியதும் முதலில் நிறைவது அதுதான். திட்டில் நிற்கிறவன் கடலைப் பார்த்தபடி நிற்பான். கடல் அசையாமல் கிடக்கும். அவன் முதுகுக்குப் பின்னால் ஓடை மார்பு வரை வந்திருக்கும். படிக்கட்டருகே எச்சரிக்கைப் பலகை உண்டு. எல்லாரும் அதன் கம்பத்தில் சாய்ந்து காலிலிருந்து மணலைத் தட்டுவார்கள்.

அப்பாவும் மகளும் வாளியோடு போனார்கள். ஹோலியின் சிவப்புக் கோட்டு சுருங்கிச் சுருங்கிப் பொத்தான் அளவானது.

பெவர்லி காற்றுத் தடுப்புத் துணிக்குப் பின்னால் உட்கார்ந்தாள். கம்பை மணலில் அடித்து, பட்டை போட்ட துணியைச் சுற்றிக் கட்டி, அதற்குள் ஒரு சின்ன வீடு போல உட்கார்ந்துகொள்வது எங்கள் கடற்கரைப் பழக்கம். காற்று கடலிலிருந்து வருவதால் துணியைக் கடலுக்குக் குறுக்கே கட்டுவோம். ஆகவே இத்தனை தூரம் பயணம் செய்து வந்து, கடலுக்கு முதுகைக் காட்டி, கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். யாருக்கும் இதில் குறை தெரிந்ததில்லை.

பக்கத்துத் துணிக்குப் பின்னால் ஹார்டிங் தம்பதி. நாட்டிங்ஹாமிலிருந்து வந்தவர்கள், ஓய்வு பெற்றவர்கள். ஹார்டிங் குறுக்கெழுத்துப் புதிர் போட்டுக்கொண்டிருந்தார், மார்ஜரி பின்னிக்கொண்டிருந்தாள்.

பெவர்லி எழுந்து துணிக்கு மேலாகப் பார்த்தாள். சிவப்புப் பொத்தான் அங்கேதான் இருந்தது. உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். ஓடை இருந்த இடத்தில் ஏதோ மினுங்கியது. முன்பும் மினுங்கியதா? நினைவில்லை. பழைய பயம் முன்னால் வந்தது. 'சாசேஜ்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உட்கார்ந்தாள்.

மூன்றாம் முறை எழுந்தபோது தொடுவானம் இல்லை. கடலிலிருந்து வெள்ளையாக ஒரு சுவர் நகர்ந்து வந்துகொண்டிருந்தது. கோடையிலும் எங்களுக்கு இந்தக் கடல்பனி உண்டு. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வந்து ஊரை விழுங்கிவிடும். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்புப் பொத்தான் சாம்பல் நிறமானது, பிறகு இல்லாமல் போனது.

"தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க," என்றாள் ஹார்டிங் தம்பதியிடம். "என் வீட்டுக்காரரும் பொண்ணும் அந்தத் திட்டுல இருக்காங்க. பனி வந்துடுச்சு. நான்தான் சும்மா பயப்படறேனோ என்னவோ."

ஹார்டிங் எழுந்து, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிப் பார்த்தார். "பனிதான்," என்றார்.

"தண்ணி ஏறுதா?"

"சொல்ல முடியலியே. ஏறலாம். ஏறாமலும் இருக்கலாம்."

"யாரையாவது கூப்பிடணுமா?"

"கூப்பிடலாம்," என்றார் ஹார்டிங், கூப்பிடக் கூடாது என்பதற்கு எங்கள் நாட்டில் உள்ள குரலில். "ஆனா மீட்புப் படகுக்காரங்க படகெல்லாம் இறக்கி, அதுக்குள்ள இவரு நடந்து வந்துட்டாருன்னா? அவங்க பாவம், எல்லாம் சொந்த வேலையை விட்டுட்டு உதவிக்கு ஓடி வர்றவங்க."

"அதான் நானும் நினைச்சேன்."

"நீ உட்காரு கண்ணு," என்றாள் மார்ஜரி. "ஒரு வாய் டீ குடி. குடிச்சு முடிக்கறதுக்குள்ள வந்து நிப்பாங்க பாரு."

பிளாஸ்க் ஏற்கெனவே திறந்திருந்தது. டீ ஏற்கெனவே ஊற்றப்பட்டுவிட்டது. ஊற்றிய டீயை வேண்டாம் என்று சொல்வதற்கு பெவர்லிக்கு வார்த்தை கிடையாது. எங்களில் யாருக்கும் கிடையாது. கையில் கோப்பையோடு நின்று, எதுவும் தெரியாத வெள்ளையைப் பார்த்துக் குடித்தாள். நாக்கு சுட்டது. சர்க்கரை அதிகமா என்று மார்ஜரி கேட்டாள். இல்லை, சரியாக இருக்கிறது என்றாள். ஹார்டிங்கும் மார்ஜரியும் தங்கள் பேரன் ஒருமுறை பனியில் தொலைந்து, ஐஸ்கிரீம் கடையில் கிடைத்த கதையைச் சொன்னார்கள். அவள் சிரித்தாள். கோப்பை காலியானதும் மார்ஜரி மீண்டும் நிரப்பினாள். அதையும் குடித்தாள்.

இரண்டாவது கோப்பையின் அடியில் கொஞ்சம் இருக்கும்போது பனிக்குள்ளிருந்து ஒரு சத்தம். தண்ணீர், மணல் வரிகளுக்கு இடையே நுழையும்போது எழும் சின்னச் சலசலப்பு. அது தூரத்தில் இல்லை. அவர்களுடைய துணிக்கு இந்தப் பக்கமே வருவதுபோல் கேட்டது.

பெவர்லி கோப்பையைக் கீழே வைத்தாள். அவசரத்திலும் கவிழாமல், மணலில் குழி செய்து நிறுத்தி வைத்தாள். பிறகு அவசர எண்ணை அழைத்தாள்.

"மன்னிக்கணும், தொந்தரவா இருக்கும்," என்று ஆரம்பித்தாள்.

"தொந்தரவு பத்தி அப்புறம் பேசலாம்மா," என்றாள் கடலோரக் காவலில் இருந்த பெண். "எங்க இருக்கீங்க? யாரு தண்ணியில?"

சொன்னாள். திட்டு என்றதும் மறுமுனையில் குரல் மாறியதை அவள் கவனித்தாள். பயந்தவர்கள் குரல் மாறுவதை முதலில் கவனிப்பார்கள். அந்தப் பெண் இப்போது மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினாள். "படகு கிளம்புது. நீங்க தண்ணியில இறங்கக் கூடாது. எது நடந்தாலும் இறங்கக் கூடாது. அவருக்குக் கரை எந்தப் பக்கம்னு இப்போ தெரியாது. சத்தம் போடுங்க. ஒரே இடத்துல நின்னு, விடாம சத்தம் போடுங்க."

சத்தம். எங்கள் கடற்கரையில் குழந்தைகளும் கடற்பறவைகளும் சத்தம் போடலாம்; வேறு யாரும் போடக் கூடாது. பெவர்லி வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. மட்டி அவிக்கக் கொண்டுவந்த பாத்திரத்தை எடுத்தாள், கரண்டியை எடுத்தாள், அடித்தாள். முதல் அடி கதவைத் தட்டுவது போல மரியாதையாக விழுந்தது. இரண்டாவது அப்படி இல்லை.

துணிகளுக்கு மேல் தலைகள் எழுந்தன. "என்னங்க இது?" என்றது ஒரு குரல். "ஆளுங்க உள்ள மாட்டிக்கிட்டாங்க," என்றார் ஹார்டிங், தன் கோட்டைப் போட்டபடி. "நான் போய் காரைக் கொண்டாறேன். ஹாரன் அடிக்கலாம். யாருக்கும் ஆட்சேபணை இல்லையே?" யாருக்கும் இல்லை. அவர் படியேறி ஓடியதை மார்ஜரி முப்பது வருடத்தில் முதல் தடவையாகப் பார்த்தாள்.

பெவர்லி அடித்துக்கொண்டே இருந்தாள். பதில் இல்லை. ஒவ்வோர் அடிக்கும் நடுவே அவள் காது கொடுத்தாள், அந்த இடைவெளிதான் தாங்க முடியாததாக இருந்தது. அதனால் இடைவெளி இல்லாமல் அடித்தாள். பிறகு, அவர்கள் கூப்பிட்டால் தனக்குக் கேட்காதே என்று மறுபடி நிறுத்தினாள். தண்ணீர் அவள் செருப்பைத் தொட்டது. ஒரு அடி பின்வாங்கினாள். பின்வாங்கியது அவர்களைக் கைவிட்டது போல இருந்தது. கரண்டி வளைந்துவிட்டது. சாலையில் ஹாரன் நீளமாக ஒலித்தது. எங்கோ படகின் மோட்டார், வலது பக்கம், பிறகு இடது பக்கம், பிறகு நின்றுவிட்டது. மோட்டார் ஏன் நின்றது என்பதற்கு அவளுக்குத் தெரிந்த எல்லாக் காரணங்களும் கெட்டவை.

அப்புறம் மோட்டார் மறுபடி கிளம்பியது. பனிக்குள்ளிருந்து ஆரஞ்சு நிறப் படகு வந்தது. அதில் சிவப்புக் கோட்டு இருந்தது. கோட்டுக்குள் ஹோலி இருந்தாள், உதடு நீலமாக, பற்கள் அடித்துக்கொண்டு. பக்கத்தில் நெவில், ஒரு கையில் மட்டி வாளி.

பனியில் அவன் நடந்ததெல்லாம் கடலை நோக்கித்தானாம். பாத்திரச் சத்தம் கேட்டதும் திரும்பி, ஹோலியைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறான். ஓடையில் தண்ணீர் கழுத்தளவு வந்ததும் நின்றுவிட்டான். படகு வரும்போது அப்படித்தான் நின்றிருந்தான், பயமில்லாதவன், கத்தத் தெரியாமல். வாளியைக் கீழே போடவும் தெரியாமல்.

படிக்கட்டில் உட்கார வைத்துப் போர்வை சுற்றினார்கள். பெவர்லி ஹோலியைப் பிடித்த பிடியில் குழந்தைக்கு மூச்சு முட்டியது. படகுக்காரர், நரைத்த தாடிக்காரர், எங்கள் ஊர்க் கொல்லர், குனிந்து கேட்டார்: "கோபமில்லம்மா. மத்தவங்களுக்குச் சொல்றதுக்காகக் கேக்கறேன். பனி மூடினதுக்கப்புறம் எவ்வளவு நேரம் கழிச்சு எங்களைக் கூப்பிட்டீங்க?"

நெவில் அவளுக்காகப் பதில் சொன்னான். குளிரில் வார்த்தைகள் உடைந்து வந்தன. "இவளா? அந்த நிமிஷமே கூப்பிட்டிருப்பா. ஹோலிகிட்ட அதைத்தான் சொல்லிக்கிட்டே இருந்தேன். அம்மா இந்நேரம் பயந்திருப்பா, படகு கிளம்பியிருக்கும்னு. அதை நம்பித்தான் நின்னேன்."

ஹோலி தலையாட்டினாள். "அப்பா பாட்டாவே பாடினாரு. அம்மா பயந்தாச்சு, அம்மா பயந்தாச்சுன்னு."

அன்றைக்கு நடந்ததிலெல்லாம் பெவர்லியை மிகவும் பயமுறுத்தியது இதுதான். 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை போதும். தாடிக்காரர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

"இல்லைங்க," என்றாள். "முதல்ல ரெண்டு கப் டீ குடிச்சேன்."

நெவில் அவளைப் பார்த்தான். தாடிக்காரர் அவள் தோளில் கையை வைத்தார்.

"பாதிப் பேர் அப்படித்தாம்மா," என்றார். "மீதிப் பேர் கூப்பிடறதே இல்ல."