தேய்ந்த வால்வு

இது கட்டிவிட்ட கதையில்லை. 2006 ஐப்பசியில் பெருமாள்மலை மெக்கானிக் பொன்னுவேலுக்கு நடந்தது. நம்பாதவர்கள் அவனிடமே போய்க் கேளுங்கள். வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள், அவன் கோபம் அப்படி.

கோபம் லாட்ஜ் முதலாளி ஞானவேல் மேல். அவருடைய ஆட்டோமேட்டிக் கியர் வண்டி கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது பின்னால் ஓடிப் பாறையில் மோதி, டிரைவர் இருளப்பன் செத்துப்போனான். பொன்னுவேலின் தங்கச்சி புருஷன். எங்கே நிறுத்தினாலும் பின்சக்கரத்துக்குக் கல் வைக்காமல் நகராத மனுஷன். பீடிகூடத் தொடாதவன். அவனைப் போய், "குடிச்சுட்டு ஓட்டுனான்" என்று பிணத்தின் முன்னாலேயே சொன்னார் ஞானவேல். தங்கச்சி மூக்கம்மா அன்றிலிருந்து தெருவில் தலை நிமிரவில்லை.

அந்த வாயோடுதான் தட்டி ஒக்கிட்ட அதே வண்டியின் வால்வு பாடியை, கியர் பெட்டிக்குள் எண்ணெய் வால்வுகள் உட்காரும் பாகத்தை, தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். லாட்ஜ் மெக்கானிக் மதன் கழற்றிக் கொடுத்தது. அதைச் சோதிக்கப் பொன்னுவேலை விட்டால் மலையில் ஆளில்லை.

"கழுவிக் குடுப்பா. நாளைக்கு டூரிஸ்ட் வருது. வெரசா."

மத்தியானம் மூன்றேகால். பட்டறைக்குள் மூடுபனி. கியர் எண்ணெயின் அழுத்தத்தைக் காக்கும் வால்வை, விரல் நீளம் இருக்கும், உருவி நகத்தால் தடவினான். கீறலில் நகம் மாட்டியது. மறுபடி அதன் துளையில் விட்டுச் சாய்த்தான். நல்ல வால்வு என்றால் தன் கனத்திலேயே வழுக்கி இறங்கும். இது பாதியில் சிக்கியது. இப்படிச் சிக்கினால் ஏறுகிற வண்டி பிடிமானத்தை விட்டுவிடும்.

"வால்வு தேஞ்சு கெடக்கு. மாப்ள மேல தப்பில்ல. ஊரக் கூட்டிச் சொல்லுங்க."

"செத்தவனுக்கு எதுக்குய்யா சர்டிபிகேட்? சோலியப் பாரு." செல்போனோடு வாசலுக்குப் போய்விட்டார்.

பொன்னுவேலுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

டிக்.

சிக்கிய வால்வு அசைந்தது. கீழே அல்ல... மேலே.

யாரும் தொடவில்லை.

டிக்... டிக்...

தானாக வெளியே வந்து அவன் உள்ளங்கையில் விழுந்தது. சுட்டது.

அதைச் சட்டைப் பையில் போட்டான். மற்றதை ஞானவேலிடம் நீட்டினான். "வேற ஆளப் பாத்துக்குங்க."

மறுநாள் வெள்ளனே அந்த வளைவில் கூட்டம்.

அதே வண்டி. டிரைவர் சீட்டில் ஆளில்லை. பின்சீட்டில் ஞானவேல், ஒரு கீறல் இல்லை. "அவன் குடிக்கல... இருளப்பன் குடிக்கல..." என்று ஊர் கேட்கப் புலம்பிக்கொண்டிருந்தார். மூக்கம்மாவும் நின்று கேட்டாள்.

பின்சக்கரத்துக்குக் கல் வைத்திருந்தது.

மதன் மூச்சு வாங்கப் பொன்னுவேலிடம் ஓடி வந்தான். "அண்ணே... வால்வு பாடிய நான் இன்னும் மாட்டவே இல்ல. என் மேசையிலதான் கெடக்கு. அது இல்லாம வண்டி ஒரு அடி நகராதே."

பொன்னுவேல் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான்.

வால்வு இருந்தது. மேடேறி நின்ற வண்டியின் சூடு அதில் இன்னும் இருந்தது.