எந்த மீட்டர் சரி?

கண்ணாடியில் நகத்தால் இரண்டு தட்டு. முள் நடுங்கி ஓர் இடத்தில் நிற்கிறது. அதற்குப் பிறகுதான் அனுசுயா அக்கா அதைப் படிப்பார். பழைய மீட்டர்களில் முள் ஒட்டிக்கொள்ளுமாம், தட்டினால்தான் உண்மையைச் சொல்லுமாம். சரி, இருக்கட்டும். செல்போனையும் தட்டிவிட்டுத்தான் மணி பார்க்கிறாரே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

வேப்பம்பட்டில் நாங்கள் மாடியில் குடியிருக்கிறோம். கீழ்வீட்டில் அக்காவும் அவர் கணவர் எத்திராஜும். அக்கா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் டெஸ்டிங் பிரிவில் இருந்தவர். கம்பெனியை மூடி, பழைய மீட்டர் பெட்டிகளை எடைக்குப் போட்டபோது அக்கா கேட்டு வாங்கி, எத்திராஜின் ஆட்டோவிலேயே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அப்புறம் கண்ட இடத்தில் வாங்கியவை வேறு. பீரோ இருக்க வேண்டிய இடத்தில் இப்போது ஆஸிலோஸ்கோப், மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைப் பச்சைக் கோடாக வரைந்து காட்டும் பெட்டி. துணிமணியெல்லாம் கட்டிலுக்கு அடியில்.

ரிப்பேர் பார்க்கக் கரண்டு ஓடும் பெட்டிக்குள் வலது கையை விடும்போது இடது கையை முதுகுக்குப் பின்னால் சேலையில் செருகிக்கொள்வார்.

"ரெண்டு கையும் வெச்சா கரண்டு நெஞ்சுக்குள்ள பூந்துகினு பூடும் தம்பி. ஆளு காலி."

நியாயம்தான். ஆனால் ரசத்துக்குத் தாளிக்கும்போதும் இடது கை முதுகில்தான் இருக்கிறது.

ஒருநாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன். "ரிப்பேர் பண்ணின மீட்டர் சரியாத்தான் காட்டுதுன்னு எப்படித் தெரியும்?"

"இன்னொரு மீட்டர வெச்சுப் பாப்பேன்."

"அது சரின்னு?"

"அதுக்கு வேற ஒண்ணு."

"அதுக்கு?"

ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார். "அங்கதான் எனக்கும் கொயப்பம்."

அன்றோடு என் நிம்மதியும் போயிற்று. காய்கறிக் கடைத் தராசைப் பார்த்தால்கூடச் சந்தேகம் வருகிறது.

போன வாரம் காலையில் ஆட்டோவை எடுக்கப்போன எத்திராஜ், தலை சுற்றுகிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டார். ஆட்டோ நிறையப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் போகிற மனிதர். கட்டிலில் உட்காரவைத்து, பிரஷர் பார்க்கும் மெஷினை அவர் கையில் கட்டினார் அக்கா. நூற்றெண்பது. மாடிக்கு ஓடி வந்து எங்கள் மெஷினை வாங்கிப்போய்க் கட்டினார்; நானும் பின்னாலேயே இறங்கிப் போனேன். நூற்றிருபது. ஒன்று ஆஸ்பத்திரிக்குப் போ என்கிறது, இன்னொன்று சவாரிக்குப் போ என்கிறது.

அக்கா இரண்டையும் தட்டினார். முள்ளே இல்லாத மெஷினைத் தட்டி என்ன பிரயோஜனம்? பேட்டரிகளைக் கழற்றி மீட்டரில் பார்த்தார். அந்த மீட்டரை நம்பாமல் இன்னொன்றில் பார்த்தார். தன் கையில் கட்டினார், என் கையில் கட்டினார். என் பிரஷர் ஏறியதுதான் மிச்சம்.

"அக்கா, முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க!" கத்தியே விட்டேன்.

"இரு தம்பி. எது பொய் சொல்லுதுன்னு தெரிய வேணாமா?" என்றார். பாவம், பயந்துபோயிருந்தார். மறுபடியும் தட்டினார்.

எத்திராஜ் கண்ணைத் திறந்தார். "அத்த இன்னாத்துக்குத் தட்டிகினே கீற? மயக்கம் மெஷினுக்கா எனக்கா? என்னியக் கேளேன்."

அக்கா மெஷினைக் கீழே வைத்தார். எத்திராஜின் சட்டைப் பையிலிருந்து ஆட்டோ சாவியை உருவிக்கொண்டார்.

"தம்பி, ஆஸ்பத்திரிக்கு ஒரு வண்டி சொல்லு. பசங்க ஊட்டுக்கும் போன் போடு. இன்னிக்கு ஆட்டோ வராது."

நான் போனில் பேசியபடியே திரும்பிப் பார்த்தேன். அக்கா கட்டிலுக்கு முன்னால் மண்டி போட்டு, வலது கையை எத்திராஜின் கன்னத்தில் வைத்திருந்தார். இடது கை, வழக்கம்போல, முதுகில் செருகியிருந்தது. சற்று நேரம் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு அந்தக் கையையும் வெளியே எடுத்து, இரண்டு கைகளாலும் அவர் முகத்தைப் பிடித்துக்கொண்டு, "இன்னாய்யா பண்ணுது, சொல்லு" என்றார்.