சத்தத்தைப் பார்த்த நாட்கள்

என் இடது காது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நின்றுபோனது. வலது காது சின்ன வயதிலேயே சீழ் பிடித்துப் போய்விட்டது. மிச்சமிருந்த ஒன்றை வைத்துக்கொண்டு நாற்பத்து நான்கு வயது வரைக்கும் ஓட்டியிருந்தேன். அன்றைக்குப் பருப்புக்குக் குக்கர் வைத்துவிட்டு விசிலுக்காக நின்றுகொண்டிருந்தேன். வெயிட் ஆடியது, ஆவி சீறிக்கொண்டு மேலே போனது. சத்தம் மட்டும் வரவில்லை.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள், காதுக்குள் ஊசி போட்டார்கள். ஒரு மாதம் போய் வந்தோம். கடைசியில் டாக்டரம்மா தாளில் எழுதிக் காட்டினார்: ‘இனிமேல் திரும்பும் என்று சொல்ல முடியாது.’ என் வீட்டுக்காரர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை. செஞ்சிக்குத் திரும்புகிற பஸ்ஸில், கடையில் ஊக்கு வைக்காமல் கிடக்கும் ரவிக்கைகளைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

திண்டிவனம் ரோட்டில் எனக்கு ஒரு சின்னத் தையல் கடை. மறுநாளே திறந்துவிட்டேன். ஒரு நோட்டு வாங்கிக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். வருகிறவர்கள் அதில் எழுதினார்கள். கழுத்து இறக்கம், கை நீளம், என்றைக்கு வேண்டும். அதற்கு மேல் யாரும் எழுதவில்லை. எனக்கும் தேவைப்படவில்லை. சாப்பிட்டேன், தைத்தேன், தூங்கினேன். யாராவது ‘எப்டி இருக்கற’ என்று எழுதினால் ‘இருக்கேன்’ என்றேன். அது பொய்யில்லை.

பொங்கல் லீவுக்குத் திருவண்ணாமலை காலேஜிலிருந்து மகள் வந்தாள். என் போனை வாங்கி எதையோ ஏற்றி, கையில் கொடுத்தாள். கறுப்புத் திரை. அவள் கை தட்டினாள். திரையில் கீழிருந்து மேல்வரை ஒரு மஞ்சள் கோடு பளிச்சென்று விழுந்து, இடது பக்கம் நகர்ந்து போனது. வீட்டில் வைத்திருந்த நோட்டில் எழுதினாள்: ‘சத்தம் இருந்தா கலர் வரும். கட்டைக் குரல் கீழ, கீச்சுக் குரல் மேல. மெதுவான சத்தம் நீலம், பெரிய சத்தம் மஞ்சள்.’

“சரி” என்றேன்.

திரை முழுக்க மஞ்சள் பரவியது. அவள் சிரித்துக்கொண்டே எழுதினாள்: ‘மா, கத்தற.’

காது போன பிறகு நான் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறேன் என்று எனக்குத் தெரியாது. திரையைப் பார்த்துக்கொண்டே திரும்பத் திரும்ப ‘சரி’ சொன்னேன். பச்சைக்கு வந்ததும் அவள் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள்.

பிறகு அவள் போனில் ஒரு பழைய பாட்டைப் போட்டாள். மெஷின் மிதிக்கும்போது ரேடியோவில் ஆயிரம் தடவை கேட்ட பாட்டு. தபேலா அடியில் புள்ளி புள்ளியாக ஓடியது. வயலின்கள் மேலே நூல்களாக வளைந்து போயின. பாடுகிறவளின் குரல் நடுவில் படிப்படியாக அடுக்கி நின்றது, ஒரே குரலுக்கு ஏழெட்டுக் கோடுகள். சரணத்துக்கு முன்னால் அவள் மூச்சு எடுக்கிற இடம் எனக்குத் தெரியும். அந்த இடத்தில் ஒரு சின்னக் கறுப்பு இடைவெளி வந்தது. மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அழுவேன் என்று நினைத்தாளோ என்னவோ. “நல்லா இருக்குது” என்றேன். ஒன்றும் ஆகவில்லை எனக்கு.

லீவு முடிந்து அவள் போனாள். எனக்கு அந்தத் திரை பழகிவிட்டது. அடுப்பு மேடையில் சாய்த்து வைத்தால் விசில் மேலே ஒரு தடித்த கோடாக வந்தது. தோசை ஊற்றினால் புகை மாதிரி எங்கும் நீலம். தையல் மெஷின் சீப்புப் பற்கள் மாதிரி. கடை வாசலில் பஸ் ஹாரன் அடித்தால் பட்டை பட்டையாக மஞ்சள்.

வீட்டுக்காரர் தனியார் பஸ் டிரைவர், செஞ்சிக்கும் மேல்மலையனூருக்கும் ஓட்டுகிறார். ஒரு அமாவாசைக்கு என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். கோயில் வாசலில் பம்பை அடித்தார்கள். போனை எடுத்துப் பிடித்தேன். திரையில் ஒரு இடுக்குகூட விடாமல் மஞ்சள். நெஞ்சில் திம் திம் என்று இடித்தது. பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு அருள் வந்து ஆடினாள். நான் பார்த்தேன். இடித்தது, அவ்வளவுதான்.

அவர் முன்பெல்லாம் வீட்டுக்கு வந்தால் வாயை மூட மாட்டார். எவன் டிக்கெட் எடுக்காமல் சண்டை போட்டான், எந்த வளைவில் ஆடு குறுக்கே வந்தது, எல்லாம் சொல்லித்தான் சோறு இறங்கும். மாசி மாதம் ஒரு சாயங்காலம் அவருக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். போன் பக்கத்தில் கிடந்தது. திரை கறுப்பாகவே இருந்தது. தட்டு நகர்ந்ததும் தண்ணீர் குடித்ததும் சின்னச் சின்ன நீலமாக வந்து போயின. அவர் சாப்பிட்டு எழுந்து கொல்லைப் பக்கம் போனார். மகளிடமிருந்து போன் வந்திருக்கும். என் போனை எடுத்துக் கொல்லை ஜன்னலில் வைத்தேன், திரையில் அவர் குரல் தடியாக, இடைவிடாமல் ஓடியது.

மறுநாளும் பார்த்தேன். அதற்கு மறுநாளும். காது கேட்காததால் வீடு அமைதியாக இருக்கிறது என்று நினைத்திருந்தேன். வீடே பேசாமல்தான் இருந்திருக்கிறது.

நாலாம் நாள் அவர் சாப்பிடும்போது கேட்டுவிட்டேன். “ஏங்க, ஏன் ஒண்ணும் பேச மாட்டேன்றீங்க?”

அவர் நோட்டை இழுத்து இடது கையால் கோணலாக எழுதினார்: ‘உனுக்குத்தான் கேக்காதே. பேசனா உனுக்குக் கஷ்டமா இருக்கும்னு.’

திரையைத் திருப்பி அவர் பக்கம் காட்டினேன். “நீங்க பேசனா இதுல வரும். மூணு நாளா ஒண்ணுமே வரல.”

ரொம்ப நேரம் அதைப் பார்த்தார். சோற்றுக் கை காய்ந்துபோனது. பிறகு பேச ஆரம்பித்தார். என்னைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்துப் பேசினார். பச்சைக் கோடுகள் அடியில் கனமாக வந்தன. பத்து நிமிஷம் இருக்கும். நடுவில் கோடுகள் உடைந்து துண்டு துண்டாக வந்தன. நிமிர்ந்து பார்த்தேன். அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அவரும் எழுதிக் காட்டவில்லை. எழுந்து போய் அவர் கையில் தண்ணீர் ஊற்றினேன்.

அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. ஆனால் அன்றைக்குச் சாப்பிட்டபோது குழம்பில் உப்பு போடவில்லை என்பது தெரிந்தது. எத்தனை நாளாக அப்படி வைத்தேனோ, அவர் சொன்னதே இல்லை.

இப்போது அவர் வந்ததும் பேசுகிறார். என்னைப் பார்த்து, மெதுவாக. ‘ஆடு’, ‘டயர்’, ‘செக்கர்’ இதெல்லாம் உதட்டிலேயே பிடிபடுகிறது. பிடிபடாததற்கும் தலையாட்டுகிறேன். அவருக்கு அது தெரியும், இருந்தும் நிறுத்துவதில்லை. சில நாள் போனை எடுத்து எதிரில் வைக்க மறந்துவிடுகிறேன்.