மாலேக்குப் போன படகு

குளிர்நாட்டு நகரொன்றின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி இருக்கும் ஒரு பழைய மாடிக் கட்டடத்துக்கு வின்சன்ட்தான் பராமரிப்பாளர். குழாய் ஒழுகினாலும் பூட்டு இறுகினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மன்னாரில் மீன்பிடிப் படகுகளின் எஞ்சின்களைத் திருத்திப் பழகிய கை. 1990இல் அகதி விசாரணையில், என்ன வேலை செய்தீர் என்று கேட்டபோது அதைத்தான் சொன்னார். யாருடைய படகுகள் என்று எவரும் கேட்கவில்லை.

2008 செப்டெம்பரில் மூன்றாம் மாடிக்கு ஒரு மாணவி குடிவந்தாள். பெயர் ஷஸ்னா. வின்சன்ட் தன் மனைவி றோசலினுடன் கதைப்பதைக் கேட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"அங்கிள், நீங்க தமிழா? நான் கொழும்புல படிச்சேன், வெள்ளவத்தையில. எனக்கும் கொஞ்சம் தமிழ் வரும்!"

"அப்ப சொந்த இடம் எது பிள்ளை?"

"மாலைதீவு. மாலே."

வின்சன்ட் தலையாட்டிவிட்டு நிலவறைக்குள் போய்விட்டார். அன்றிலிருந்து பின்பக்கப் படியைப் பாவித்தார். மூன்றாம் மாடியில் அவள் குரல் கேட்டால் இரண்டாம் மாடியிலேயே நின்றுகொள்வார்.

இருபது வருடங்களுக்கு முன், அவருக்கு இருபத்தேழு வயதாக இருந்தபோது, ஆயுதம் தூக்கிய ஒரு தமிழ் இயக்கத்துப் பெடியள் ஒரு படகைக் கொண்டுவந்தார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றது. டீசல் பம்ப் பழுது. மூன்று நாள் மினக்கெட்டுத் திருத்தினார்.

"எங்கயடா போறியள்?" என்று முதல்நாளே கேட்டிருந்தார்.

"மாலைதீவுக்கு. ஒரு நாட்டைப் பிடிக்கப் போறம் அண்ணை!" என்று ஒருவன் சிரித்தான்.

அங்கே ஆட்சியைக் கவிழ்க்க விரும்பிய ஒரு முதலாளிக்காக இவர்கள் சண்டை பிடிக்கப் போகிறார்கள் என்று விளக்கினார்கள். வின்சன்டும் சேர்ந்து சிரித்தார். படகு புறப்பட்டபோது எஞ்சின் சத்தம் சீராகக் கேட்டது. கரையில் நின்று அதைக் கேட்டுப் பெருமைப்பட்டார். சில நாளில், நவம்பர் மூன்றாம் தேதி, மாலேயில் நடந்ததை வானொலி சொன்னது. ஆட்சி கவிழவில்லை. இந்திய இராணுவம் வந்து இறங்கியது. பத்தொன்பது பேர் செத்திருந்தார்கள்.

ஷஸ்னா குடிவந்த அடுத்த மாதம், ஒக்டோபர் இருபத்தெட்டாம் தேதி பின்னேரம், அவள் வீட்டில் ஹீட்டர் சூடேறவில்லை. போகாமல் இருக்க வழியில்லை.

மேசையில் மடிக்கணினி திறந்திருந்தது. யாரோ விளங்காத மொழியில் படபடவென்று எதையோ வாசித்துக்கொண்டிருக்க, திரையில் எண்கள் ஓடின. வின்சன்ட் முழங்காலிட்டு ஹீட்டரில் அடைத்திருந்த காற்றை வெளியேற்றினார்.

"இன்னிக்கு எங்கட நாட்டில எலெக்‌ஷன் அங்கிள். அங்க இப்ப விடியக்காலம், யாரும் தூங்கல" என்றாள் ஷஸ்னா. நிற்கவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் அறைக்குள் நடந்துகொண்டிருந்தாள். "முந்தி சுல்தான். பேந்து பிரிட்டிஷ்காரன். அறுபத்தஞ்சுல சுதந்திரம், அறுபத்தெட்டுல குடியரசு. ஆனா வோட்டுக் கடதாசியில ஒரே ஒரு பேர்தான் இருக்கும். ஓமா, இல்லையா, அவ்வளவுதான். முப்பது வருஷமா ஒரே ஆள். இப்பதான் முதல்தடவை ஆளைத் தெரிவுசெய்யக் கிடைச்சிருக்கு."

வின்சன்ட் பேசாமல் இருந்திருக்கலாம். "ஏன் பிள்ளை இவ்வளவு காலம் எடுத்தது?" என்று கேட்டுவிட்டார்.

அவள் தயங்கினாள். "எண்பத்தெட்டுல சிலோன்ல இருந்து ஆள்கள் துவக்கோட வந்தாங்க. உங்களை ஒண்டும் சொல்லல அங்கிள். எனக்கு அப்ப ஏழு வயசு. வாப்பாட தம்பி விடியக்காலம் சுபஹு தொழப் போனவர், ரோட்டில சுட்டுப்போட்டாங்க. அதுக்குப் பிறகு ஆமி பெருசாச்சு. ஆரு வாயைத் திறந்தாலும், திரும்ப அப்படி நடக்கணுமான்னு கேப்பாங்க. எல்லாரும் பயந்து அடங்கிட்டாங்க."

அந்த நேரம் கணினியில் ஆரவாரம் எழுந்தது. ஷஸ்னா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், பிறகு சிரித்தாள். பழைய ஆட்சி தோற்றுவிட்டது. ஓடிப்போய் ஒரு தட்டில் கேக் வெட்டிக் கொண்டுவந்தாள்.

"எடுங்க அங்கிள். இஞ்ச எனக்குக் குடுக்க வேற ஆள் இல்ல."

வின்சன்ட் தட்டை வாங்கவில்லை.

"அந்தப் படகின்ர எஞ்சினைத் திருத்தினது நான் பிள்ளை."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. அவர் முழுவதையும் சொன்னார். பம்ப், மூன்று நாள், கரையில் நின்றது.

"எங்க போகுதுன்னு தெரிஞ்சா செஞ்சீங்க?"

"ஓம். தெரியும்."

"பழுதாவே விட்டிருக்கலாம்."

"ஓம்."

அவள் கணினியை மூடினாள். ஆரவாரம் நின்றது.

"போங்க அங்கிள்" என்றாள். குரலை உயர்த்தவில்லை.

கீழே வந்து றோசலினிடம் சொன்னார். பதினாறு வருடத் தாம்பத்தியத்தில் அவளுக்கும் இதைச் சொல்லியிருக்கவில்லை. அவள் அடுப்பை அணைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். எஞ்சின் கதையை முழுக்கக் கேட்டாள்.

"அந்தப் பிள்ளைக்கு எப்ப சொன்னனீங்கள்?"

"இப்பதான். கேக் கொண்டுவந்து தந்தது."

"இண்டைக்கோ?" றோசலினுக்குக் கண் கலங்கிவிட்டது. "அதின்ர நாட்டுக்கு ஒரு நல்லநாள் வந்திருக்கு. அதையும் கெடுத்துப்போட்டு வந்து நிக்கிறியள். உங்களுக்குப் பாரம் இறங்கியிருக்கும். அந்தப் பிள்ளை தன்ர பாரத்தை எங்க கொண்டுபோய் இறக்கும்?"

வின்சன்ட் அதுவரை அப்படி நினைத்திருக்கவில்லை. அவள் சொன்னதும், மன்னாரில் செய்ததைவிட இதற்கே அதிகம் வெட்கப்பட்டார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்குப் போனார். செய்த பாவத்தைக் குருவானவரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன் வரிசையில் நின்றார். தன் முறை வருமுன் விலகி வெளியே வந்துவிட்டார். குருவானவர் மன்னிப்பார் என்று தெரியும். அவர் மன்னித்து என்ன?

டிசம்பரில் ஷஸ்னா வீடு மாறினாள். பெட்டி தூக்க வின்சன்ட் போனார்.

"வேணாம். நானே கொண்டுபோறேன்."

அவர் வாசல் கதவைத் திறந்து பிடித்தார். அவள் பெட்டிகளோடு ஐந்து தடவை போய்வந்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கதவைப் பிடிக்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கடைசிப் பெட்டி வாகனத்தில் ஏறும்வரை, பனி உள்ளே விசிறியடிக்க, அவர் அப்படியே நின்றார்.