டிரம் சத்தத்துக்கு அடியில்

சத்துவாச்சாரியில் கல்யாண வீடியோக்களுக்கு ஒலி சரிசெய்து கொடுப்பது என் பிழைப்பு. மாமாவின் காரியம் முடிந்த மறுவாரம், அக்கா ஆம்பூரிலிருந்து பஸ் ஏறி நேராக என் கடைக்கு வந்தாள்.

அக்காவின் கணவரான மாமா தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கி, விஷவாயு தாக்கி, அந்தத் தண்ணீரிலேயே விழுந்து இறந்தார். இறங்குவதற்குக் கொஞ்சம் முன்பு அக்காவுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். "இன்னிக்கு லேட்டாவும், நீ சாப்டுடு" என்பது வரை தெளிவாக இருந்தது. அதற்குள் பக்கத்தில் தோலை உருட்டும் டிரம் ஓடத் தொடங்கிவிட்டது. அவர் இன்னும் ஏதோ சொல்கிறார், புரியவில்லை.

"அந்த சத்தத்த மட்டும் எடுத்துடுடா. இன்னா சொன்னாருன்னு தெரிஞ்சா போதும்."

கிடைக்காது என்று அப்போதே எனக்குத் தோன்றியது. ஒரு சத்தம் பலமாக இருந்தால், அதன் சுருதிக்குப் பக்கத்தில் உள்ள மெல்லிய சத்தம் நம் காதில் விழாது. குரலைச் சுருக்கி அனுப்பும் போன் இதை நம்பித்தான் வேலை செய்கிறது. காதுக்குக் கேட்காததை அது ஒழுங்காகப் பதிந்து வைப்பதில்லை. சுருக்குவதால் உண்டாகும் இரைச்சலையும் அந்தப் பலத்த சத்தத்துக்கு அடியிலேயே ஒளித்துவிடும். இதையெல்லாம் அவளிடம் எப்படிச் சொல்வது? பார்க்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டேன்.

டிரம் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். ஒளிந்திருந்த இரைச்சல் மேலே வந்தது. களக் களக்கென்று, தண்ணீருக்குள் யாரோ மூச்சுக்குத் திணறுவது போல. ஹெட்போன் மாட்டியிருக்க வேண்டும், மாட்டவில்லை. ஸ்பீக்கரை அணைப்பதற்குள் அக்கா கேட்டுவிட்டாள்.

"தொட்டிக்குள்ள இருந்தாடா பேசினாரு?"

"இல்லக்கா. அது மாமா இல்ல. போன் உண்டாக்குற சத்தம்."

"அப்போ அவர் பேசினது?"

"அது உன் போனுக்கு வரவே இல்லக்கா."

"அவர் போன்ல?"

"அதுலயும் இதேதான் இருந்திருக்கும்."

தண்ணீர் கொடுத்தேன். அவள் டம்ளரைத் தொடவில்லை.

பஸ் ஏற்றிவிட வண்டியில் அழைத்துப் போனேன். வழியில் பின்னாலிருந்து சொன்னாள். "நீ அத போடாம இருந்திருக்கலாம்."

அந்தச் சத்தம் எப்படி வந்தது என்று பிறகு இரண்டு முறை விளக்கிச் சொன்னேன். புரிகிறது என்று தலையாட்டினாள். ஆனால் தினமும் கேட்டுக்கொண்டிருந்த அந்த மெசேஜை அவள் அதற்கப்புறம் திறக்கவே இல்லை.