மூக்கக்காவும் குசும்பா எண்ணெயும்

சத்து மாத்திரை செய்யும் அந்த ஆலையில் அவளை எல்லோரும் மூக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மாத்திரைக்குள் அடைக்கிற, குசும்பப்பூ விதையில் பிழிந்த குசும்பா எண்ணெய் பீப்பாய் பீப்பாயாக வந்து இறங்கும். குசும்பா பொல்லாத எண்ணெய், கொஞ்சம் வெயில் பட்டாலே கெட்டுப்போகும். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடேறத் தேய்த்து, முகர்ந்து, "சிக்கு வாடை இல்ல, விடுங்க" என்று அவள் சொன்னால்தான் அது இயந்திரத்துக்குப் போகும். சந்தேகம் என்றால் லேபுக்குப் போகும். முடிவு வர மறுநாள் ஆகும்.

ஒரு காய்ச்சல் வந்து போனதில் அவள் மூக்கு செத்துப்போனது. வெங்காயம் உரித்தால் கண் எரிந்ததே தவிர வாசனை எட்டிப் பார்க்கவில்லை. வெளியே சொன்னால் வேலை போய்விடும் என்று வாயைத் திறக்காமல் இருந்தாள். வந்த பீப்பாயை எல்லாம் "சந்தேகமா இருக்கு" என்று லேபுக்குத் தள்ளிவிட்டாள். ஒரு வாரம் வண்டி இப்படியே ஓடியது.

அன்று சூப்பர்வைசர் தானே வந்து நின்றான். அவளைவிடச் சின்னவன், கெட்டிக்காரன்.

"அக்கா, மெஷின் சும்மா நிக்குது. இதையாவது பார்த்துச் சொல்லுங்க."

தேய்த்தாள், முகர்ந்தாள். வெறும் காற்று. 'விடுங்க' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் தங்கை இதே மாத்திரையைத்தான் தினமும் சோற்றுக்குப் பிறகு விழுங்குகிறாள். அது நினைவுக்கு வந்ததும் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு ஒரு வாரமா மூக்கு வேலை செய்யலப்பா."

"தெரியும்க்கா."

"எப்படி?"

"இந்த மெஷின் டீயத் திட்டாமக் குடிக்கிறீங்களே."

"தெரிஞ்சுமா முகரச் சொன்னே?"

"இதோட சாம்பிள் காலைலயே லேபுக்குப் போயிடுச்சு. உங்ககிட்ட எப்படிப் பேச்செடுக்குறதுன்னுதான் தெரியல. சரியாகுற வரைக்கும் பேக்கிங் பாருங்க. இந்த இடம் உங்களோடதுதான், யாருக்கும் தரமாட்டேன்."

மூக்கக்காவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பீப்பாய் ஓரமாகவே உட்கார்ந்து அழுதாள், சிரித்தாள். எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியாது. வீட்டில் அன்றிரவு உப்பில்லாத குழம்பைக்கூட மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அதன்பிறகு பேக்கிங் மேஜையில் நாட்கள் நகர்ந்தன. ஒரு காலையில் டீக் கோப்பையை வாயருகே கொண்டுபோனவள் முகத்தைச் சுளித்தாள்.

"இது டீயா, கருகின சாக்கா? மனுஷன் குடிப்பானா இதை?"

பேக்கிங் மேஜையே அவளைத் திரும்பிப் பார்த்தது. சூப்பர்வைசர் எழுந்துபோய் ஒரு பீப்பாயின் மூடியைத் திறந்து வைத்தான்.